பன்னிரண்டாவது முதல் அடி

வருகிற ஞாயிற்றுக்கிழமை பட்டாணிக்கு ஒரு வயது. விழா பெரியம்மா வீட்டுக் கொல்லைப்புறத்தில். பட்டாணியின் பெற்றோர் குடியிருப்பது மூன்றாவது மாடியில். அங்கே பத்துப் பேர் சேர்ந்தாற்போல வந்தால் ஒருவர் குளியலறைக்குள்தான் நிற்க வேண்டியிருக்கும். பெரியம்மா வீட்டுக்குப் பின்னாலோ தாராளமான இடம். ஒரு எலுமிச்சை மரம், ஒரு துவைகல், குறுக்கே கொடிக்கயிறு, மீதியெல்லாம் வெறும் மண் தரை.

பெரியம்மா என்றால் யாருக்கும் சொந்தப் பெரியம்மா இல்லை. வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்வது அவள் தொழில். பேசத் தொடங்கிய பிள்ளை ஏதோ ஒன்று அப்படிக் கூப்பிட்டது, பெற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள், இப்போது சிலிண்டர் கொண்டுவருகிற ஆள் வரைக்கும் பெரியம்மாதான். பட்டாணியின் அம்மா மட்டும் அக்கா என்பாள். பெரியம்மாவுக்குச் சொந்தமாகப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது உச்சுக்கொட்டினால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். முழங்கால் வலி வந்ததிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைக்கு மேல் எடுப்பதில்லை. இந்த வருடத்துப் பிள்ளை பட்டாணி.

வியாழக்கிழமை மாலை பட்டாணியின் அம்மா நோட்டும் அளவு நாடாவுமாக வந்து இறங்கினாள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. எதையும் அளந்து, எழுதி, மேலே ஒரு சீட்டு ஒட்டினால்தான் அவளுக்கு நிம்மதி. கொல்லைப்புறத்தை நீளவாக்கில் அளந்தாள், குறுக்குவாக்கில் அளந்தாள், துவைகல்லைக்கூட விடவில்லை.

"கேக் மேஜை மரத்தடியில, பலூன் எல்லாம் கிளையில கட்டிரலாம் அக்கா."

கதவருகே பல் குத்திக்கொண்டிருந்த பெரியம்மாவின் கணவர் சும்மா இருப்பாரா? "எலுமிச்சை மரம்மா அது, பூரா முள்ளு. கேக் வெட்டறதுக்குள்ள பலூன் அத்தனையும் வெடிச்சு, வந்தவங்க தெறிச்சு ஓடிருவாங்க."

"நீங்க உள்ள போங்க," என்றாள் பெரியம்மா. ஆனால் பலூன் கொடிக்கயிற்றுக்கு மாறியது.

பட்டாணி பெரியம்மாவின் இடுப்பில் இருந்தான். அரை மணி நேரமாக இறங்கத் திமிறிக்கொண்டிருந்தான். அவளும் விடாப்பிடியாக வைத்திருந்தாள். காரணம் இருந்தது.

அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே அம்மாக்காரி கேட்டாள்: "அக்கா, ஞாயித்துக்கிழமைக்குள்ள நடந்துருவானா?"

இதோடு இந்த வாரத்தில் ஆறாவது தடவை. அவள் மனசில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் நிற்க, சமையலறைக் கதவிலிருந்து மேஜை வரைக்கும் பட்டாணி நடந்து வர வேண்டும், மேஜைப் பக்கம் இவள் கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். தவழ்ந்ததை அவள் பார்க்கவில்லை, போனில்தான் கேட்டாள். முதல் பல்லும் அப்படித்தான். காலையில் தூங்குகிற பிள்ளையைக் கொண்டுவந்து விட்டு, மாலையில் தூக்கத்துக்கு அழுகிற பிள்ளையை அள்ளிக்கொண்டு போகிறவளுக்கு வேறென்ன கிடைக்கும்? இந்த ஒன்றாவது தன் கண்ணெதிரில் நடக்க வேண்டும் என்று ஏங்கிக் கிடந்தாள்.

ஆனால் பட்டாணி நடக்கத் தொடங்கிப் பத்து நாளாகிறது.

பெரியம்மாவின் தொழிலில் இது ஒரு கட்டுப்பாடு. முதல் அடியைப் பார்த்தால் பார்த்ததாகச் சொல்லக் கூடாது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண் குழந்தை முதல் அடி வைத்தபோது, தலைகால் புரியாத சந்தோஷத்தில் உடனே அதன் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் "ஓ" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்த மாதம் பிள்ளையை வேறு இடத்தில் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு பெரியம்மா வாயைத் தைத்துக்கொண்டாள். பத்தொன்பது வருடத்தில் பன்னிரண்டு பிள்ளைகள் அவள் வீட்டு முன்னறையில் முதல் அடி வைத்திருக்கிறார்கள். பத்து வீட்டுப் பெற்றோர்கள் தாங்கள்தான் முதலில் பார்த்தோம் என்று இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஓடி வந்து சொல்லும்போது பெரியம்மா வாயைப் பிளந்து ஆச்சரியப்படுவாள். பார்க்கிறவர்கள் நம்பிவிடுவார்கள், அத்தனை நன்றாகச் செய்வாள்.

பார்த்ததைச் சொல்ல ஆளில்லாமல் இருப்பது ஒரு தவிப்பு. கணவரிடம் சொன்னால் "ம்" என்பார். சுவரிடம் சொன்ன மாதிரிதான்.

பட்டாணி விஷயத்தில் காலமும் ஒத்துழைத்தது. நடுவில் வந்த ஒரே ஞாயிற்றுக்கிழமை அவனுக்குச் சளி, காய்ச்சல். அம்மா மடியை விட்டு இறங்கவில்லை. மற்ற நாட்களில் மாலை ஐந்து மணி ஆனதும் பெரியம்மா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கும். அதெல்லாம் பொருட்டில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் நடக்கட்டும், அம்மாக்காரி பார்க்கட்டும், தான் வாயைப் பிளந்து நிற்கலாம் என்று திட்டம் போட்டிருந்தாள்.

"கதவுலேர்ந்து மேஜை வரைக்கும் பாய் விரிச்சிரலாம்," என்றாள் அம்மாக்காரி, நோட்டில் கோடு போட்டபடி. "ஒருவேளை நடந்தான்னா, விழுந்தாலும் அடிபடாது பாருங்க."

பெரியம்மாவின் கவனம் கேக் மேஜையின் ஆடுகிற காலில் இருந்தது. வாய் தன்பாட்டுக்குப் பேசியது.

"பாய் வேண்டாம்மா. பாய் ஓரம் அவனுக்குக் கட்டைவிரல்ல மாட்டிக்குது. வெறும் தரைன்னா விட்டா ஓடிருவான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது.

பேனா நின்றது. "எப்போலேர்ந்து?"

பொய் சொல்லப் பத்தொன்பது வருடப் பழக்கம் இருந்தும் அந்த நேரத்துக்கு ஒன்றும் வரவில்லை. "பத்து நாளாச்சும்மா."

அம்மாக்காரி அழவில்லை, கத்தவும் இல்லை. பட்டாணியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "வரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பால் ஆறவைத்து, பெரியம்மா ஜன்னலில் நின்றாள். எட்டேகால் ஆயிற்று. எட்டரைக்குப் பாலை மறுபடி சுடவைத்தாள். ஒன்பது மணிக்கு அது ஆடைகட்டிக் கிடந்தது. பிள்ளை இல்லாத வீட்டில் குழாய் சொட்டுவதுகூடப் பெரிதாகக் கேட்கிறது. அவன் தினமும் தட்டுகிற அலுமினியக் கிண்ணத்தை எடுத்து ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு வைத்தாள்.

"ஒரு போன் பண்ணிக் கேளேன்," என்றார் கணவர்.

"பண்ணி என்னன்னு கேக்க? திருட்டு மாட்டிக்கிச்சே, பிள்ளையக் கொண்டு வரீங்களான்னா?"

அவர் வழக்கமான "ம்" கூடச் சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. அந்த முதல் பெண் குழந்தை போனபோது அவளுக்கு இளம் வயது, தாங்கிக்கொண்டாள். இவன் போனால் தாங்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

பத்தரைக்கு வாசலில் சத்தம். அம்மாக்காரி ஆஸ்பத்திரி உடுப்பில் இல்லை, வீட்டுத் துணியில் இருந்தாள். முகம் வீங்கியிருந்தது. முன்னறைத் தரையில் பட்டாணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"லீவு போட்டுட்டேன். உக்காருங்கக்கா. எனக்கு மொத்தமும் சொல்லுங்க. ஒண்ணு விடக்கூடாது."

"கோவமா இருக்கியாம்மா?"

"இருக்கேன். அது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க."

பெரியம்மா சுவரில் சாய்ந்து, முழங்காலை நீட்டி உட்கார்ந்தாள். முதலில் வார்த்தை தடுக்கியது. "போன வாரம் திங்கக்கிழமைம்மா. பதினோரு மணி தாண்டியிருக்கும். நான் இங்கதான் துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். அவன் அந்த முக்காலியப் புடிச்சுக்கிட்டு நின்னான். கையில ஒரு துணி கிளிப்பு. அதைப் பாக்கறதுக்காக முக்காலியை விட்டுட்டான். விட்டது அவனுக்கே தெரியலை."

"அப்புறம்?"

"தெரிஞ்சதும் முழிச்சான் பாரு ஒரு முழி! நான் மூச்சே விடலை. கூப்பிட்டா பயந்து உக்காந்துருவானேன்னு. வலது கால எடுத்து வச்சான். அப்புறம் இடது கால், அதை இழுத்துதான் வச்சான். நாலு அடிம்மா. அஞ்சாவதுக்கு முன்னாடி சாஞ்சுட்டான்."

அம்மாக்காரியின் உதடு அசைந்தது. ஒவ்வொரு அடியாக எண்ணுகிறாள் போலிருந்தது. பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "யாரைப் பார்த்து நடந்தான்?"

இந்தக் கேள்வி வரும் என்று பெரியம்மா காலையிலேயே எதிர்பார்த்திருந்தாள். பதிலும் தயாராக இருந்தது. தெருவில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது, அம்மா வந்துட்டான்னு வாசலைப் பார்த்து நடந்தான். அழகான பொய். பெற்ற வயிறு குளிர்ந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை விழா ஜாம் ஜாம் என்று நடக்கும். பிள்ளையும் திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்துவிடும்.

ஆனால் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்றின் முதல் அடியையாவது அவள் முழுசாக, இருந்தது இருந்தபடி சொல்லிவிட ஏங்கினாள்.

"என்னைப் பார்த்துதாம்மா. நான்தான் கை நீட்டினேன். என் கைலதான் வந்து விழுந்தான்."

அம்மாக்காரி பட்டாணியின் பாதத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுவேன்? அவனைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதேன். பக்கத்து வீட்டுலேர்ந்து என்ன ஏதுன்னு எட்டிப் பார்த்தாங்க."

"அந்த நேரத்துக்கு நான் யாரோ ஒருத்தர் ரத்தத்துல சீட்டு ஒட்டிக்கிட்டு இருந்திருப்பேன்," என்றாள் அம்மாக்காரி. இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "நான் அழ வேண்டியது அக்கா அது. எனக்குப் பதிலா நீங்களாவது அழுதீங்களே."

பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாக்காரி கண்ணை மூடினாள். "இன்னொரு தடவை சொல்லுங்கக்கா. முதல்லேர்ந்து."

பெரியம்மா மறுபடி தொடங்கினாள். திங்கட்கிழமை, பதினோரு மணி, துணி, முக்காலி. இந்தத் தடவை தடுக்கவில்லை. இத்தனை வருடமாக அடைபட்டுக் கிடந்தது மடமடவென்று வந்தது. அம்மாக்காரி கண்ணை மூடியபடியே தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிகிறது போலிருந்தது.

மூன்றாவது அடியைச் சொல்லும்போது பெரியம்மாவின் பேச்சு நின்றது. மடியிலிருந்து எப்போது வழுக்கி இறங்கினானோ, பட்டாணி அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். பெரியம்மா அம்மாக்காரியின் முகவாயைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினாள்.

அவள் கண்ணைத் திறந்தாள். பட்டாணி நடந்துகொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்து இல்லை, பெரியம்மாவைப் பார்த்தும் இல்லை. வெயில் விழுந்து கிடந்த வாசலைப் பார்த்து நடந்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தான்.