எட்டில் ஒரு பங்கு

விருத்தகிரிக்குக் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மனைவி போட்ட படத்தில் அவளுக்குத் தெரியாமல் அளவை மாற்றி எழுதினாரே, அப்போதுகூட அவர் மனசில் இருந்தது நல்லெண்ணம்தான். நல்லெண்ணத்தால் கெட்ட காரியங்களைக் கணக்கெடுத்தால் விருத்தாசலம் செராமிக் பேட்டை தாங்காது.

பேட்டையில் அவர்களுடைய ஷெட்டில் செய்வது பீஸ் கட்டை. கரண்ட் பலகையில் பீஸ் கம்பியைத் தாங்கி நிற்கிற வெள்ளைப் பீங்கான் கட்டை. அதற்கு இரண்டு துண்டு. பலகையோடு முடுக்கி வைத்த அடிக்கட்டை ஒன்று, கையால் பிடுங்கி மாட்டுகிற மேல்கட்டை ஒன்று. பெண்ணாடம் பக்கத்துக் கரும்புக் கொல்லைகளில் பாதி மோட்டார் கொட்டகையில் இவர்கள் சரக்குதான் இருக்கிறது. மண்ணும் சூளையும் விருத்தகிரியின் பொறுப்பு. அச்சுக்கு அளவு போடுவது, கல்யாணமாகி வந்த மறு வருஷத்திலிருந்தே, பானுமதி.

மண் காயும்போது சுருங்கும். சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். அதனால் வேண்டிய அளவோடு எட்டில் ஒரு பங்கு கூட்டித்தான் அச்சு வெட்ட வேண்டும். பேட்டையில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. உலையில் அரிசி போட்டால் சோறு பொங்கும் என்று யாராவது பாடம் நடத்துகிறார்களா?

பீங்கானுக்கு ஒரே குறை, விழுந்தால் உடையும். கொல்லையில் ஈரக் கையோடு மேல்கட்டையைப் பிடுங்குகிறவர்கள் கீழே போட்டுவிட்டு, அவசரத்துக்கு வெறும் கம்பியை வளைத்துச் சொருகிவிடுவார்கள். அப்படிச் சொருகப் போய்க் கை பொசுங்கினவர்களில் பானுமதியின் தம்பியும் ஒருவன். அதிலிருந்துதான் அவள் பாலிமரைப் பிடித்துக்கொண்டாள். பிசினில் கண்ணாடி இழையைப் பிசைந்து, சூடான இரும்பு அச்சில் வைத்து பிரஸ்ஸால் அழுத்தினால் கல்லாக இறுகிவிடும். விழுந்தாலும் உடையாது. ஆனால் பீஸ் போகும்போது தெறிக்கிற பொறியில் மேற்புறம் கருகி, கருகின தடத்திலேயே கரண்ட் ஓடியது. மூன்று வருஷம் அவள் அதோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் சூளையில் உடைந்து வீணாகிற பீங்கானை மாவாக அரைத்துப் பிசினோடு சேர்த்தாள். கருகல் நின்றது. அந்தக் கலவையில் செய்த பில்லைகளைச் சென்னையில் ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள், அதிலும் தேறிவிட்டது. பாக்கி இருந்தது மேல்கட்டைக்கான இரும்பு அச்சு மட்டும்தான்.

இத்தனைக்கும் நடுவில் புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு பெரிய சண்டை. பழைய பிரஸ் ஒன்று ஷெட்டுக்குள் வந்து இறங்கிய அன்றைக்கு விருத்தகிரி குதித்தார்.

"சூளை வெச்சிருக்கறவன் வூட்டுல பிளாஸ்டிக்கா? ஊரே கைகொட்டிச் சிரிக்கும். ஒரே ஒரு அச்சு அடிச்சுக்க. அதுல கட்ட ஒழுங்கா வரலன்னா இந்த மிஷினை வித்துடணும், ஆமா."

"சரி," என்றாள் பானுமதி. அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாம்பாரில் உப்பு, கரண்ட் பில், ஆள் லீவு எல்லாம் பேசினார்கள். பிரஸ்ஸைப் பற்றி மட்டும் ஒரு பேச்சு கிடையாது.

நல்லூரில் அக்கா மகளுக்கு வளைகாப்பு என்று பானுமதி கிளம்பிய அன்று, அச்சுக்கான படத்தைக் கோயமுத்தூர் அச்சுப் பட்டறைக்குக் கூரியரில் போடச் சொல்லி அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கூரியர் கடை. கவரை ஒட்டும் முன் விருத்தகிரி சும்மா கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். நீளம் எண்பது மில்லிமீட்டர், அகலம் முப்பத்திரண்டு. பகீர் என்றது. சூளையிலிருந்து வெளியே வருகிற மேல்கட்டையின் அளவல்லவா அது! எட்டில் ஒரு பங்கைச் சேர்க்க மறந்துவிட்டாளே.

போன் பண்ணியிருக்கலாம். பண்ணினால், 'குத்தம் கண்டுபுடிக்கவே பொறந்திருக்காரு' என்று நினைப்பாள். மறந்தது மறந்ததாகவே போனால் கட்டை சின்னதாக வரும், பிரஸ் போகும், மூன்று வருஷ உழைப்பும் போகும். அவள் முகம் அப்போது எப்படி இருக்கும் என்று நினைக்கவே அவருக்குத் தாங்கவில்லை. கடைக்காரரிடம் வெள்ளைத் தாள் வாங்கி, படத்தை மறுபடி போட்டு, எண்பதைத் தொண்ணூறாக்கி, முப்பத்திரண்டை முப்பத்தாறாக்கி, மற்ற அளவுகளையும் அதே கணக்கில் கூட்டி அனுப்பிவிட்டார். வரும் வழியில் ஒரு டீயும் குடித்தார். கட்டை நன்றாக வந்த பிறகு ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று எண்ணம்.

அச்சு வருவதற்குத் தாமதமாகிவிட்டது. வந்து சேர்ந்த நாளும், மங்கலம்பேட்டை சாதிக் பாய் பார்க்க வருவதாகச் சொன்ன நாளும் ஒன்றாக அமைந்தன. மோட்டார் சாமான் கடை வைத்திருப்பவர் பாய். சுற்றுவட்டாரத்தில் அவர் எடுத்தால்தான் சரக்கு ஓடும். மறுநாள் மகனைப் பார்க்க துபாய் போகிறார், அதனால் நாளைத் தள்ளவும் வழியில்லை. அவசர அவசரமாக அச்சை பிரஸ்ஸில் ஏற்றினார்கள். பானுமதி பிசின் கலவையை அச்சில் வைத்தாள், பிரஸ் இறங்கியது, சற்றுப் பொறுத்து ஏறியது. சாம்பல் நிறத்தில், பளபளவென்று ஒரு மேல்கட்டை. பானுமதிக்குக் கண் கலங்கிவிட்டது. விருத்தகிரிக்கும்தான், அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாய் பீங்கான் அடிக்கட்டையை எடுத்து அதில் பொருத்திப் பார்த்தார். போகவில்லை. திருப்பிப் பார்த்தார். அப்போதும் போகவில்லை.

"ஆறட்டும் பாய்," என்றார் விருத்தகிரி. "ஆறுனா சுருங்கும்."

"இது சுருங்காதுங்க," என்றாள் பானுமதி.

"சுருங்காதா?"

"மண்ணா சுருங்கறதுக்கு? அச்சுல என்ன இருக்குதோ அதான் வரும். மயிரிழை கொறையலாம், அவ்ளோதான்."

விருத்தகிரி பிரஸ்ஸை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். பானுமதி அளவுகோலை எடுத்து நீளத்தைப் பார்த்தாள். தொண்ணூறு. அகலத்தைப் பார்த்தாள். முப்பத்தாறு. கைப்பிடியையும் அளந்தாள். தப்பு ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்திருந்தால் அச்சு வெட்டியவன் தப்பு. இதுவோ எல்லாப் பக்கமும் கச்சிதமாக எட்டில் ஒரு பங்கு. கோயமுத்தூரில் யாருக்கும் இந்தக் கணக்கு வராது. இது பேட்டைக்காரன் கை. அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"என்னாம்மா ஆச்சு?" என்றார் பாய்.

"என் கணக்குதான் தப்பாயிடுச்சு பாய்," என்றாள் பானுமதி. குரலில் ஒன்றும் தெரியவில்லை. "அளவக் கூட்டிப் போட்டுட்டேன்."

பாய் சிரித்தார். "அதான பாத்தேன். அடுப்படிக் கணக்கு வேற, அச்சுக் கணக்கு வேறம்மா. பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த..."

"பாய்!" என்றார் விருத்தகிரி. அவர் சத்தம் அவருக்கே புதுசாக இருந்தது. ஓரத்தில் மண் பிசைந்துகொண்டிருந்த வேலைக்காரப் பெண் பாஞ்சாலைகூடக் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "அவ கணக்கு சரி. எண்பதுன்னுதான் போட்டிருந்தா. நான்தான் மறந்துட்டான்னு நெனச்சிக்கிட்டு திருத்தி அனுப்பிச்சேன். சுருங்கும்னு பத்து சேத்தேன். இருந்திருந்து புள்ளையார் புடிக்கப் போயி கொரங்கா முடிஞ்சிபோச்சு."

பாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த மேல்கட்டையைத் தலைக்கு மேல் தூக்கிச் சிமெண்டுத் தரையில் ஓங்கி அடித்தார். அது துள்ளி உருண்டு சூளைச் சுவரோரம் போய் நின்றது. எடுத்துத் தடவிப் பார்த்தார், ஒரு கீறல் இல்லை.

"சாமான் நல்லாத்தான் இருக்குது. அளவோட கொண்டாங்க, பாப்போம். நான் திரும்பி வர்றப்ப இல்லன்னா கம்பெனி சரக்கு எடுத்துடுவேன், அப்பறம் என்னைச் சொல்லக் கூடாது. போயிட்டு வரேன்," என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

பானுமதி பிரஸ்ஸின் சுவிட்சை அணைத்தாள். துணியால் அச்சைத் துடைத்தாள். விருத்தகிரி பக்கத்தில் போய் நின்றார்.

"மிஷினுக்கு ஆள் பாருங்க," என்றாள் அவள். "பேசுன பேச்சு பேச்சுதான். அச்சுல வரல, வித்துடுவோம்."

"விக்கறதுக்கா திருத்துனேன்?"

"வேற எதுக்கு? வேணான்னு குதிச்சது நீங்கதான."

"குதிச்சேன். கோவத்துல சொன்னதுதான் அது. கூரியர் கடையில படத்தைப் பாத்தப்ப..." "நீ தோத்துடுவியோன்னு பயந்துட்டேன் பானு. மிஷினு இங்கயே இருக்கணும்னுதான் சேத்தேன்."

துணி அவள் கையில் நின்றது.

"இத்தன வருஷமா இந்த ஷெட்டுல அத்தன அச்சுக்கும் அளவு போட்டவ நானு. ஒன்னு தப்பா போயிருக்குதா?"

"இல்ல."

"அப்பறம் நான் மறந்துட்டேன்னு எப்பிடிங்க நெனச்சீங்க? அச்சு போனதுகூடப் பெருசில்ல. அதுதான் எனக்கு ஆற மாட்டேங்குது."

இரும்பு அச்சின் குழியைச் செதுக்கிப் பெரிசாக்கலாம், செதுக்கின இரும்பை மறுபடி ஒட்டிச் சின்னதாக்க முடியாது என்பது விருத்தகிரிக்குத் தெரியும். இந்த அச்சு இனி எதற்கும் ஆகாது. சூளைக்குப் புது பர்னர் வாங்க வைத்திருந்ததைப் புது அச்சுக்குத் தந்துவிடுவதாகச் சொன்னார். பழைய பர்னர் இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்றார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"ஒக்காருங்க. நான் அளவு சொல்றேன், நீங்க எழுதுங்க. ஒன்னும் சேக்கக் கூடாது."

விருத்தகிரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள், அவர் எழுதினார்.

"கைப்பிடி கனம், பதினாறு."

பதினெட்டு என்று உள்ளுக்குள் தானாகவே கணக்கு ஓடியது. இது எப்படிச் சுருங்காமல் இருக்கும் என்று அவருக்கு இன்னமும் புரியவில்லை. பதினாறு என்று எழுதினார்.