மோசஸ் நின்ற தேர்தல்

ஈச்சங்கண்டிகையில் மோசஸ் எந்தத் தெருவில் நிற்கிறாரோ அந்தத் தெருக் குழாயில் தண்ணீர் வரும். கரண்ட் இருக்க வேண்டும் என்பதில்லை. பெருவெள்ளம் வந்த வருஷத்திலிருந்து அப்படித்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் அந்த ஊராட்சியில் அவர் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர். மோட்டார் போடுவது, வால்வு திறப்பது, குளோரின் கலப்பது என்று பத்தொன்பது வருஷ வேலை. வெள்ளத்தில் மோட்டார் ரூம் மூழ்கியபோது ஸ்டார்ட்டரைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் காலனிவரை நடந்து வந்தார். அவர் கடந்துவந்த குழாய்களெல்லாம் தாமாகவே கொட்டின. ஊரே தண்ணீரில் கிடந்ததால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த சித்திரையில் ஆழ்துளைப் போர் வற்றிய பிறகுதான் கவனித்தார்கள். குடிநீர் வாரியத்து இன்ஜினியர் ஒருவர் மீட்டரோடு வந்து, மோசஸை முன்னும் பின்னும் நடக்கவிட்டு, ‘அழுத்தம் திருப்திகரம்’ என்று எழுதிவிட்டு டீ குடித்துப் போனார். சர்ச்சில், பைபிளில் பாறையை அடித்துத் தண்ணீர் வரவைத்தவருடைய பேர், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர் தேர்தலில் நிற்க நினைத்தது இதனால் அல்ல. ஒரு இரும்பு உருக்கும் கம்பெனி ஏரிக்கரையில் நாலு போர் போடக் கேட்டிருந்தது. ஏற்கெனவே கிழக்குப் பக்கத்து போரில் தண்ணீர் துரு நிறத்தில் வந்துகொண்டிருந்தது. கிராம சபையில் மோசஸ் எழுந்து அதைச் சொன்னபோது அதிகாரி ஒருவர், தீர்மானம் போடுகிற இடம் ஒன்றியக் கவுன்சில், பேசுவதானால் அங்கே வந்து பேசு என்றார். மோசஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். பொது வார்டு அது, யார் வேண்டுமானாலும் நிற்கலாம். ஆனால் ஊராட்சி வேலையில் இருப்பவர் நிற்கக் கூடாது.

“இருக்கிற வேலையும் பூடும்யா,” என்றாள் மனைவி ஏஞ்சலின்.

“போவட்டும். ஏரி பூட்ச்சினா இன்னா பண்ணுவ?”

ராஜினாமா எழுதிக் கொடுத்தார். குழாய் சின்னம் கேட்டார். பூட்டு கொடுத்தார்கள்.

பதினைந்து நாள் பிரசாரத்தில் மோசஸ் ஒரு பேச்சைக்கூட முழுதாகப் பேசவில்லை. அவர் தெருவில் நுழைந்ததும் குழாய் கொட்டும், சனம் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். “நாலு போர் போட்டானுங்கன்னா ஏரி அடியோட காலி, கேளுங்க,” என்று அவர் ஆரம்பிப்பார். “பேசு நைனா, பேசு. அந்த வேப்பமரத்தாண்ட போய் பேசினா இங்க இன்னும் வேகமா வரும்,” என்பார்கள். அவர் வேப்பமரத்தடிக்குப் போய்ப் பேசுவார். அங்கே கேட்க ஆள் இருக்காது. எல்லா வீட்டிலும் அண்டா, டிரம், பக்கெட், குழந்தை குளிக்கிற டப்புவரை நிரம்பிய பிறகு, நல்ல மனுஷன் என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஏஞ்சலின் கையிலிருந்த நோட்டீஸ் கட்டு முக்கால்வாசி நனைந்து ஒட்டிக்கொண்டது.

எதிரே நின்ற வீரராகவனுக்கு இருபது ஏக்கர் நஞ்சையும் ஆறு தண்ணி லாரியும் இருந்தன. அவர் மோசஸைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. மாரியம்மன் கோயில் எதிரே மைக்கைப் பிடித்து, “மோசஸு மாதிரி ஒரு ஆளு இந்த ஜில்லாவுலயே கெடையாது,” என்றார். “நான் ஒத்துக்கிறேன். ஆனா அவன கும்மிடிப்பூண்டில சேர் போட்டு ஒக்கார வெச்சிட்டீங்கன்னா, காலைல உங்க தெருவுல எவன் வந்து நிப்பான்? யோசிச்சிக்கோங்க.” அவ்வளவுதான் அவருடைய பிரசாரம். யோசித்தார்கள். ஊரில் யோசித்தது போலவே காலனியிலும் யோசித்தார்கள்.

ஒன்றியக் கவுன்சிலுக்கான பச்சை வாக்குச்சீட்டுகளை எண்ணி முடித்தபோது மோசஸுக்கு நூற்றுப் பதினேழு ஓட்டு. காலனி வாக்குச்சாவடியில் மட்டும் முந்நூற்றுச் சொச்சம் பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள், அதில் பூட்டுக்கு விழுந்தது நாற்பத்தொன்று. அவர் பஸ் ஏறிக் காலனி வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். பதினொரு நாள் எழுந்து வெளியே போகவில்லை. அந்தப் பதினொரு நாளும் காலனிக் குழாய் நிற்காமல் கொட்டியது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊரில் ஒரு சொட்டு இல்லை. ஆனாலும் ஊர்க்காரர்கள் யாரும் குடத்தோடு ரோட்டைத் தாண்டிக் காலனிக்குள் வரவில்லை. லாரித் தண்ணீரை வாங்கி, துணியில் வடிகட்டிக் குடித்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் ஒரு மினி லாரி வந்து காலனி முனையில் நின்றது. பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கட்டியிருந்தது. கூட வந்தவர்கள் வண்டியிலேயே இருக்க, மேலத்தெரு கெங்கம்மாள் மட்டும் மோசஸ் வீட்டு வாசல்வரை நடந்து வந்தாள். பத்தொன்பது வருஷமாக அவர் தினமும் முதலில் திறந்துவந்த வால்வு அவள் தெருவினுடையது. ஏஞ்சலின் கொடுத்த மோரை வேண்டாமென்று சொல்லிவிட்டு வெயிலிலேயே நின்றாள்.

“நீங்களும் எனக்குப் போடலியாம்மா?” என்றார் மோசஸ்.

“போடல மோசஸு. பொய் சொல்லி இன்னா ஆவப்போவுது? நீ தோக்கணும்னு போடல. நீ எங்கியும் பூடக் கூடாதுன்னுதான். எம் பொண்ணு நர்மதா புள்ள பெத்து ஒம்போது நாளாவுது. கொயந்தைய அந்த லாரித் தண்ணில கழுவி ஒடம்பெல்லாம் தடிச்சிப் போய்க்கீது. வாடா.”

ஏஞ்சலின் குறுக்கே வந்து, “அவரு வர மாட்டாரு,” என்றாள். மோசஸ் கொஞ்ச நேரம் கெங்கம்மாளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு போய் மினி லாரியில் ஏறினார். அன்று முழுக்க ஏஞ்சலின் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஊராட்சி அலுவலகச் சுவரில் பெயின்டில் எழுதினார்கள்: மேலத்தெரு காலை ஆறு, கோயில் தெரு ஏழு, பள்ளிக்கூடம் எட்டரை. வேறு ஆள் எடுத்துவிட்டதால் மோசஸுக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. நாற்காலிக்கு மேல் ஒரு குடை கட்டிக்கொடுத்தார்கள். வெயிலோ மழையோ அவர் உட்கார்ந்து போனார், தண்ணீர் வந்தது. அவர் பேசுவது குறைந்தது, கேட்டதற்கு மட்டும் தலையாட்டினார். ஏரிக்கரையில் நாலு போர் என்று கேட்டது ஏழாகத் தீர்மானமாகி, ஒன்றரை வருஷத்தில் ஏரி வெடித்துப் பாளமாகிக் கிடந்தது. மூன்றாம் வருஷம் போர் ஏழும் வற்றின. கம்பெனி மறுபடி மனு கொடுத்தது. இந்த முறை இடம் கேட்கவில்லை.

மோசஸுக்கு ஒன்றிய அலுவலகத்திலிருந்து காகிதம் வந்தது. கூட்ட அறையில் உறுப்பினர்களுக்கு மட்டும்தான் நாற்காலி, அவர் சுவரோரம் நின்றார். தீர்மானம் எண் பதினான்கை வீரராகவனே படித்தார். ஈச்சங்கண்டிகை ஊராட்சிக்குட்பட்ட நீர் ஆதாரமான திரு. மோசஸை, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், மேற்படி நிறுவன வளாகத்துக்குக் குத்தகைக்கு விட மன்றம் அனுமதிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு விட வேண்டும் என்று ஒருவர் திருத்தம் சொன்னார், சேர்த்துக்கொண்டார்கள்.

மோசஸ் ஒரு அடி முன்னால் வந்தார். “ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்.”

“உறுப்பினர் அல்லாதவங்க மன்றத்துல பேசக் கூடாதுப்பா,” என்றார் தலைவர், கோபமில்லாமல். “எழுதிக் குடு, பாக்கலாம்.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சாப்பாட்டு நேரம், பிரியாணி வந்திருந்தது. இரண்டு வருஷமாக வறண்டு கிடந்த அலுவலக வாஷ்பேசினில் அன்று தண்ணீர் நன்றாக வந்தது, உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் போய்க் கை கழுவினார்கள். மோசஸ் வெளியே போகத் திரும்பினார்.

“மோசஸு, பூடாதப்பா,” என்று உள்ளேயிருந்து வீரராகவன் குரல் கொடுத்தார். “சோப்பு போட்டுக்கினு கீறேன்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வரும்வரை மோசஸ் வாசற்படியிலேயே நின்றார்.