மேசையில் இரண்டு பெட்டி

என் கணவர் வெர்லின் கடைசியாக என்னிடம் கேட்டது, காப்பி மிச்சம் இருக்கிறதா என்று. இருந்தது. கோப்பையை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். அங்கே அவரும் அவருடைய அண்ணன் ஆரினும் பிரைமருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தோட்டாவின் அடியில் பதிந்திருக்கும் பருப்பளவு உலோகக் குமிழ்தான் பிரைமர். துப்பாக்கியின் ஊசி அதைத் தட்டினால் பொறி கிளம்பும், உள்ளே வெடிமருந்து பற்றிக்கொள்ளும். வெர்லின் எப்போதும் சாதாரண ரகம்தான் போடுவார். ஆரின் அன்று காரம் கூடிய மேக்னம் ரகத்தில் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார்.

"நவம்பர்ல அந்த மலை உச்சில தோரா போய் நிக்கப் போறா. அந்தக் குளிர்ல உன் பிரைமர் 'டிக்'னு ஒரு சத்தம் போடும், எல்க் மான் திரும்பிப் பாத்துச் சிரிச்சிட்டுப் போகும்டா," என்றார் ஆரின், என்னைக் காட்டி.

"சிரிக்கட்டும். உன்னோடதைப் போட்டா மருந்தைக் குறைக்கணும். திரும்ப முதல்லேருந்து சுட்டுப் பாக்கணும்."

"பாத்தா என்ன, கை தேஞ்சிடுமா?"

"உன் வாய் தேஞ்சாத் தேவலை."

"இவன் உன்னைக் கட்டிக்கவே மூணு வருஷம் யோசிச்சவன், தோரா. பிரைமரை மாத்திடுவானா?"

வெர்லின் கையால் அடைக்கவிருந்த தோட்டா எனக்காகத்தான். பல வருஷம் குலுக்கலில் பெயர் கொடுத்து, அந்த வருஷம்தான் எல்க் வேட்டைக்கான அனுமதி என் பெயருக்கு விழுந்திருந்தது. ஆரின் பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். ஒரு நேரத்தில் ஒரு வகை பிரைமர்தான் மேசையில் இருக்க வேண்டும் என்பது வெர்லினின் சட்டம்.

மதியம் வரை கராஜில் தோட்டா அடைக்கும் கருவியின் கைப்பிடி ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு டீசல் போட்டு வருவதாகப் போனார். பாலத்துக்கு இந்தப் பக்கம் பிக்கப் வண்டியைச் சாலையோரமாக ஒழுங்காக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, இறந்திருந்தார். இதயம் என்றார்கள்.

அடக்கம் முடிந்த வாரம் ஆரினும் நானும் கராஜைத் திறந்தோம். மரக்கட்டையின் குழிகளில் இருபது தோட்டாக்கள் நின்றிருந்தன. பக்கத்தில் இரண்டு பிரைமர் பெட்டிகளும் திறந்து கிடந்தன. இரண்டு ரகக் குமிழ்களும் ஒரே வெள்ளி நிறம். பதித்த பிறகு எது எதுவென்று தெரியாது.

"எல்லாத்தையும் பிரிச்சிடலாம்," என்றார் ஆரின்.

எங்கள் பக்கம் ஒருவர் கையால் அடைத்த தோட்டாவை இன்னொருவர் சுடுவதில்லை. ஆள் போய்விட்டால் பிரித்துப் போட்டுவிடுவார்கள்.

"நான் இன்னொருத்தி இல்ல. இத்தனை வருஷமும் அவர் அடைச்சதைத்தான் சுட்டேன்."

"அப்ப கேக்கறதுக்கு அவன் இருந்தான். பழைய அளவு மருந்தைப் போட்டுட்டு, ஞாபகமில்லாம என் பிரைமரை எடுத்து வெச்சிருந்தா? துப்பாக்கி உன் முகத்துல வெடிக்கும், தோரா. பெட்டியை இங்க விட்டுட்டுப் போனவன் நான். கடைத் தோட்டா வாங்கித் தர்றேன்."

"வேண்டாம். அவர் கை பட்டதோடதான் மலை ஏறுவேன்."

ஆரின் தோட்டாவைப் பிரிக்கும், சுத்தியல் போன்ற பிளாஸ்டிக் கருவியைச் சுவரிலிருந்து எடுத்தார்.

"ஒண்ணை மட்டும் பிரிங்க. மருந்தை நிறுத்துப் பாக்கலாம். பழைய அளவா இருந்தா மீதியையும் நானே பிரிச்சுத் தர்றேன். குறைஞ்சிருந்தா, உள்ள எந்தப் பிரைமர் இருந்தாலும் ஆபத்தில்லையே."

கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு தோட்டாவைக் கருவிக்குள் வைத்துத் தட்டினார். குண்டு கழன்றது. மருந்தைத் தராசுத் தட்டில் கொட்டினார்.

"தராசுத் தண்டுல எடைக்குண்டை நகர்த்தாதீங்க. அவர் வெச்சபடியே இருக்கட்டும்."

முள் எழுந்து, ஆடி, நடுக்கோட்டில் நின்றது. ஆரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எடைக்குண்டு உட்கார்ந்திருந்த எண்ணைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"குறைச்சிருக்கான்."

மூலையில் நின்ற ஒன்றை நான் எடுத்துக் கொடுத்தேன். அதிலும் அதே எடை.

"கழுதை. நான் சொன்னதைக் கேட்டிருக்கான், பாரு," என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லியிருந்தா சும்மா விட்டிருப்பீங்களா?"

"சாகற வரைக்கும் சொல்லிக் காட்டியிருப்பேன்," என்றவர் கருவியைக் கீழே வைத்தார். வெளியே போய்த் தன் வண்டியில் சாய்ந்து வெகுநேரம் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மூன்றை அவரே காகிதத்தில் சுட்டுப் பார்த்தார். அழுத்தத்தில் பிரைமர் நசுங்கியிருக்கிறதா என்று காலிக் கூடுகளின் அடியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீதியை என் கையில் கொடுத்தார்.

நவம்பரில் மலைமுகட்டில் என் இமையில் பனி கட்டியிருந்தது. தோட்டா தடுமாறவில்லை. மான் நாலடி நடந்து விழுந்தது. இறைச்சியில் பாதி ஆரின் வீட்டுக்குப் போனது.

இப்போது அந்த மேசையில் நான்தான் தோட்டா அடைக்கிறேன். நிறுப்பதற்கு ஆரின் தன் பழைய தராசைக் கொடுத்திருக்கிறார். வெர்லினின் தராசு ஜன்னலோரம் இருக்கிறது. எடைக்குண்டு அதே எண்ணில் நிற்கிறது.