அத்தான் அறுத்த டாஷ்போர்டு

பல் டாக்டருக்கு யார் மேலும் அவ்வளவு சுலபத்தில் கோபம் வராது. வாயைத் திறந்தாலே குடலைப் புரட்டுகிற ஆட்களிடம்கூட, "அடுத்த தடவை கொஞ்சம் நல்லா தேய்ச்சுட்டு வாங்க" என்று சிரித்தபடி சொல்லி அனுப்புவாள். ஆனால் அக்கா புருஷன் பேச்சை எடுத்தால் போதும், உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். அது கோபம் இல்லை. கோபப்படுவதற்குக்கூட அந்த ஆளுக்கு யோக்கியதை போதாது என்பது அவள் எண்ணம்.

எல்லாம் அப்பாவின் பழைய காரால் வந்தது. அப்பா அதை வீட்டில் இன்னொரு பிள்ளை மாதிரி வைத்திருந்தார். இரும்புத் தகட்டில் செய்த டாஷ்போர்டு, தந்தத்துக்கும் வெண்ணெய்க்கும் நடுவான நிறம். அதன் நடுவே ஒல்லியாக ஒரு ரேடியோ. இந்தப் பக்கம் ஒரு குமிழ், அந்தப் பக்கம் ஒரு குமிழ், இடையில் எண்கள் போட்ட கண்ணாடி. ரேடியோ பாடும்போது கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரியும். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் அவள் லீவுக்கு வந்தால் முதல் வேலையாக முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

அப்பா போன பிறகு கார் அக்கா வீட்டில் நின்றது; மறு வருஷம் அங்கே வந்தவள் அதன் கதவைத் திறந்தாள். ரேடியோ இருந்த இடத்தில் பெரிய ஸ்டீரியோ ஒன்று நீலமும் சிவப்புமாக மின்னிக்கொண்டிருந்தது. அதை உள்ளே திணிப்பதற்காகத் தகட்டை ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். அறுத்த கோடு போதையில் நடந்தவன் மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தது. பின் சீட்டுக்கு மேலே சாப்பாட்டுத் தட்டு அளவில் இரண்டு ஸ்பீக்கர்கள்.

அத்தான் பனியனோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அத்தான் இது? யார் கைல குடுத்து அறுத்தீங்க? இல்ல, நீங்களே அறுத்தீங்களா?"

அவர் ஒரு தரம் வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "பாட்டு நல்லா கேக்குதும்மா. உட்காரு, போட்டுக் காட்டறேன்."

"அறிவுன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?"

அதற்கும் சிரித்தார். அன்றிலிருந்து அவள் வீட்டில் அவருக்கு டமாரம் என்று பெயர். "டமாரம் எப்படி இருக்காம்?" என்றுதான் தன் புருஷனிடம் கேட்பாள். பாவம் அக்கா, இப்படி ஒரு ஜடத்தோடு எப்படித்தான் குப்பை கொட்டுகிறாளோ என்று அவ்வப்போது பெருமூச்சும் விடுவாள்.

பல வருஷம் கழித்து ஒரு நாள் அக்கா போன் செய்தாள். கார் ஓடாமல் நிற்கிறது, இடத்தை அடைக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ, இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்றாள். டாக்டர் மறுநாளே ஆள் அனுப்பிக் காரைக் கட்டி இழுத்து வந்து, கிளினிக்குக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் நிறுத்தினாள்.

ஸ்டீரியோவை அவளே கழற்றினாள். உள்ளே பார்க்க வழியில்லாததால், கடைவாய்ப் பல்லைப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தாள். சிவப்பு வயரைக் கறுப்போடும் கறுப்பைப் பச்சையோடும் முறுக்கி, அதன் மேல் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியை ஒட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் வயர் கருகி டாஷ்போர்டின் பின்புறமே புகைந்து போயிருந்தது. 'கார் தானா நின்னு போச்சு' என்று அக்கா சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. தானாகவா நிற்கும்? இந்த மனுஷனை நம்பி ஒரு டார்ச் லைட்டுக்கு பேட்டரி மாற்றச் சொல்லலாமா?

வேலைக்கு, காரின் தகடுகளைச் சரிசெய்கிற ஒரு டிங்கரைப் பிடித்தாள். அவர் ஓட்டையைப் பார்த்தார், ஓரத்தை விரலால் தடவினார். "யாரும்மா இது, கத்திரிக்கோலால வெட்டினானா?" என்றார்.

"எங்க அக்கா வீட்டுக்காரர்."

"ஓ" என்றார் டிங்கர். அந்த 'ஓ' அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

பழைய இரும்புக் கடையில், மரத்தில் மோதி மூக்கு நசுங்கிய அதே மாதிரி கார் ஒன்று கிடந்தது. அதன் டாஷ்போர்டிலிருந்து ரேடியோவைச் சுற்றியுள்ள தகட்டை வெட்டி எடுத்தார்கள். ரேடியோவும் அதோடு வந்தது. டிங்கர் அவள் டாஷ்போர்டின் கோணல் ஓரங்களை நேராக வெட்டிவிட்டு, புதுத் துண்டை அரத்தால் ராவி ராவி அந்த இடத்தில் பொருத்தினார். ஒரே மூச்சில் பற்றவைத்தால் தகடு சூட்டில் நெளிந்துவிடும் என்பதால் இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று வைத்து, ஈரத்துணியால் ஆற்றி ஆற்றிச் செய்தார். டாக்டர் பக்கத்திலேயே நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்க கொஞ்சம் தள்ளி நின்னா நல்லா இருக்கும். இது என்ன வாயா, இவ்வளவு கிட்ட குனியறீங்க?"

பற்றவைத்த தழும்பைத் தேய்த்து, பட்டி பூசி, உப்புத்தாளால் மறுபடி தேய்த்தார்கள். நிறம்தான் படாதபாடு படுத்தியது. டாஷ்போர்டில் சாமான் வைக்கிற பெட்டி மூடியின் வெயில் படாத உட்புறத்தைக் காட்டி, இதே நிறம் வேண்டும் என்றாள். பெயிண்ட் கடைக்காரன் கலந்து கொடுத்ததெல்லாம் ஒன்று மஞ்சள் தட்டியது, இல்லை வெளிறிக் கிடந்தது. செயற்கைப் பல்லுக்கு நிறம் பார்த்தே பழகிய கண். அவன் அலுத்துப்போகும் வரை அவள் விடவில்லை. வயரிங்கை அவளே ஒவ்வொன்றாக மாற்றினாள். ரேடியோவைப் பொருத்தி சாவியைத் திருப்பியபோது இன்ஜின் உறுமியது, மஞ்சள் விளக்கு எரிந்தது. ஷெட்டில் தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்ததும் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க. அத்தானைக் கண்டிப்பா கூட்டிட்டு வா. அவர் பாக்கணும்."

என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகைகூட பார்த்து வைத்தாள். 'அறுக்கறதுக்கு ஒரு ரம்பம் போதும் அத்தான், ஒட்டறதுக்குத்தான் மூளை வேணும்.'

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் எல்லாரையும் ஷெட்டுக்கு அழைத்துப்போய்க் கார் கதவைத் திறந்து காட்டினாள். அத்தான் குனிந்து பார்த்து, "அடேங்கப்பா, தழும்பே தெரியலையே!" என்று நிஜமாகவே வாயைப் பிளந்தார். அது அவள் எதிர்பார்த்ததல்ல. இருந்தாலும் ஒத்திகை பார்த்ததை விடாமல் சொன்னாள்.

அத்தான் எப்போதும்போல் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"அவரை ஏன்டி சொல்றே? அவருக்குச் சுவத்துல ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. நான்தான் அறுத்தேன்."

டாக்டருக்கு முதலில் விளங்கவே இல்லை. "நீயா?"

"நான்தான். எதிர்வீட்டு ஆசாரிகிட்ட ரம்பம் வாங்கிட்டு வந்து அறுத்தேன். வயரையும் நான்தான் முறுக்கினேன்."

"அன்னைக்கு நான் கேட்டப்ப அத்தான்..."

"அவர் எங்க ஆமான்னாரு? நீயா முடிவு பண்ணிட்டு நீயா திட்டிட்டுப் போனே. சொல்லிடலாம்னு நான் கிளம்பினேன். 'விடு, அவ வருஷத்துக்கு ஒரு தடவை வர்றா, என்னைத் திட்டிட்டுப் போகட்டும்'னு இவர்தான் தடுத்தார்."

"ஏன்க்கா? அப்பாவோட காரை எப்படி உனக்கு..."

"அப்பாவோட கார்!" அக்கா அந்தச் சொல்லைக் கசந்த மாத்திரை மாதிரி துப்பினாள். "கடைசி காலம் பூரா வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போனது நான். வர்ற வழியில ஒரு பாட்டு கேக்கலாம்னு குமிழைத் தொட்டா, 'கையை எடு'ம்பாரு. நியூஸ் மட்டும்தான். நியூஸ் முடிஞ்சா ஆஃப். என் வயசுக்கு, பேரன் எடுக்கற வயசுல, என் கைல ஒரு அடி வேற. நீ வந்தா மட்டும் வீம்புக்கு அவரே ஓட்டுவாரு, நீ முன் சீட்டுல ஏறி உட்கார்ந்துப்பே. நான் பின்னாடி அவரோட மூத்திர டப்பாவைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருப்பேன். திரும்பிப் பாத்திருக்கியா ஒரு நாளாவது?"

அக்கா டாஷ்போர்டைத் தலை முதல் கால் வரை ஒரு ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நல்லாத்தான் பண்ணிருக்கே. அப்படியே அப்பாதான். சாவியைக் குடு."

அக்கா ஓட்ட, டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தான் பின்னால் ஏறிக்கொண்டார். தெருவைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்ததும் அக்கா கையை நீட்டி ரேடியோவின் குமிழைத் திருகினாள்.

"பாத்துக்கா, மெதுவா, ரொம்பப் பழசு..."

சொல்லி முடிப்பதற்குள் டாக்டருக்கே காது சுட்டது. அக்கா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திருகிக்கொண்டே போய் ஒரு பாட்டில் நிறுத்தினாள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பாடகி தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டவள் போலக் கத்தினாள்.

"கேவலமா இருக்கு" என்றாள் அக்கா.

கேவலமாகத்தான் இருந்தது. டாக்டர் திரும்பி, "மன்னிச்சுக்குங்க அத்தான்" என்றாள். அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். "அட, விடும்மா. தழும்பு தெரியாம எப்படி ஒட்டினீங்க, அதைச் சொல்லு."

அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. தொண்டை வரை வந்தது வேறாக மாறி வெளியே விழுந்தது. "அறுத்ததுதான் அறுத்தே, கொஞ்சம் நேரா அறுத்திருக்கலாம்ல?"

அக்கா அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். "கை நடுங்குச்சுடி."

"பயமா?"

"பயமா? சந்தோஷம்."

ஷெட்டில் காரை நிறுத்திவிட்டு இறங்கினார்கள். அக்கா நீட்டிய சாவியை டாக்டர் வாங்காமல் அவள் பக்கமே தள்ளினாள். "நீயே வெச்சுக்கோக்கா. ஸ்டீரியோவையும் தர்றேன். வேணும்னா இன்னொரு தடவை அறுத்துக்கோ."

"எனக்கு எதுக்கு? ஒரு தடவை அறுத்தது போதும். நீ தொடைச்சு வெச்சுக் கும்பிடு."

அக்காவும் அத்தானும் தாங்கள் வந்த சின்னக் காரில் ஏறினார்கள். கதவு சாத்திய மறுநொடி உள்ளே பாட்டு வெடித்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்வது வெளியே நின்றவளுக்கே தெரிந்தது. அத்தான் கையசைத்தார். அக்கா ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வண்டியைத் திருப்பினாள். தெருமுனை தாண்டியும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து முகம் சுளித்தார். டாக்டர் பதிலுக்கு அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.