லாரிக்காரர் பிடித்த மீன்கள்

டயாலிசிஸ் அறையில் நோயாளிகள் கைமாற்றி விளையாட ஒரு சின்ன கேம் மிஷின் இருந்தது. கம்பெனி மென்பொருளில் போட்ட பூட்டை உடைத்து, அதன் மெமரி கார்டில் விளையாட்டுகளை ஏற்றி வைத்தவள் அங்கே சிகிச்சைக்கு வரும் தையல்காரிதான். அன்று புதிதாகச் சேர்ந்த டீச்சர் கார் பந்தயம் கேட்டார். கார்டிலோ எள் போட்டால் எள் விழ இடமில்லை.

அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது மீன்பிடி விளையாட்டு. அதை ஆடியவர் பக்கத்துக் கட்டில் லாரிக்காரர் மட்டும்தான். "தங்கச்சி, இங்க பாரு, எம்மாம் பெரிய மீனு!" என்று அறையே திரும்பிப் பார்க்கக் கூவுவார். போன வாரம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

தையல்காரிக்கு அழிக்க மனம் வரவில்லை. விஷயம் தெரிந்ததும் டீச்சர், "அது இருக்கட்டும்மா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

"இல்ல டீச்சர். அண்ணன் இருந்திருந்தா, 'அடுத்தவங்க ஆடட்டும், அழி'ன்னு அவரே சொல்லியிருப்பாரு."

ஊசி குத்தாத கையால் கார்டைக் கழற்றித் தன் லேப்டாப்பில் செருகினாள். லாரிக்காரர் பிடித்த மீன்களின் கணக்கெல்லாம் தனியாகப் பதிவாகியிருந்தது; அதற்குக் கடுகளவு இடம் போதும். அதை மட்டும் லேப்டாப்பில் பத்திரப்படுத்திவிட்டு விளையாட்டை அழித்தாள்.

அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீச்சர் மிஷினை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.