பதினாறும் பதினேழும்

பம்பு உதிரிபாகங்கள் வைக்கும் அந்தக் கிடங்கில், எந்தச் சாமான் எதோடு சேர்ந்து ஆர்டரில் வருகிறது என்று அவன் ஒரு மாதம் குறித்து வைத்தான். பதினாறு எம்.எம். வாஷர் கேட்கிறவர்கள் பதினேழும் கேட்டார்கள். ஆனால் பதினாறு வாசலோரம், பதினேழு கடைசி வரிசை. எந்தப் புண்ணியவான் வைத்தானோ!

"பக்கத்துல பக்கத்துல வெச்சா பாதி நடை மிச்சம் சார்."

"செஞ்சு காட்டு. சரியா வந்தா நீதான் இனி குரூப் லீடர்" என்றார் சூப்பர்வைசர்.

லீவு நாளில் ஒற்றை ஆளாய் மாற்றி அடுக்கினான். எல்லாம் மச்சானுக்காகத்தான். அக்கா வீட்டுக்காரர், முழங்கால் தேய்ந்தவர். இவன் பேச்சை நம்பி இத்தனை தூரம் வேலைக்கு வந்தவர்.

அந்த வாரமே மச்சான் எடுத்த இரண்டு ஆர்டரில் வாஷர் மாறிப்போனது. பம்பு ஒழுகுகிறது என்று வாங்கியவர்கள் போனில் கத்தினார்கள்.

"இன்னொரு தடவை ஆச்சு, உன் மச்சானை ஊருக்கு அனுப்பிடுவேன்" என்றார் சூப்பர்வைசர்.

அவன் மச்சானை ஓரமாகக் கூட்டிப்போனான். "பெட்டி மேல நம்பர் இருக்குல்ல? படிக்க மாட்டீங்களா?"

"நாலு வருஷத்துல எவன் மாப்ள நம்பரைப் படிச்சான்? வாசல்கிட்ட நின்னா பதினாறு, மூச்சு வாங்கினா பதினேழு. காலுக்குத் தெரியும். நீ ரெண்டையும் ஜோடி சேத்துட்ட."

அவன் இரண்டு வாஷரையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அவனுக்கே வித்தியாசம் தெரியவில்லை. முன்னால் அடுக்கியவன் கிறுக்கன் இல்லை.

நேரே சூப்பர்வைசரிடம் போனான். "தப்பு அவர் மேல இல்ல சார். நான் அடுக்கினது தப்பு. ஒண்ணுபோல இருக்குறதைச் சேத்து வெச்சிட்டேன்."

"லீடர் வேலைக்கு உன் பேரைத்தான் எழுதியிருக்கேன். யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுட்டேன் சார்."

அவர் பேனாவை எடுத்து அவன் பேரின் மேல் ஒரு கோடு கிழித்தார். "உன் மச்சான் கணக்குல இருக்குற ரெண்டு தப்பும் இனி உன் கணக்கு."

மற்றவையெல்லாம் புது இடத்திலேயே இருந்தன. பதினேழை மட்டும் அவன் கடைசி வரிசைக்குச் சுமந்துபோனான்.

மறுநாள் மச்சான் நொண்டிக்கொண்டே அங்கே போனார். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். மச்சானின் பார்வை கையில் இருந்த ஆர்டர் சீட்டில். கை தானாக நீண்டு சரியான பெட்டிக்குள் போனது.

"எந்தப் புண்ணியவான்டா இதைத் திரும்ப இங்க கொண்டாந்து வெச்சான்? என் முட்டி போச்சு!"

"எவனோ ஒருத்தன் மச்சான்" என்றான் அவன்.