பதில் சலாம்

ஆம்பூரில் அன்று வெயில் கொளுத்தியதாகத்தான் ஞாபகம். தார் ரோடு சுட்டது என்பதை நானே சேர்த்துக்கொண்டேனோ என்னவோ, இப்போது நிச்சயமில்லை. மற்றதெல்லாம் இப்படித்தான் நடந்தது.

பெண்கள் மதரஸா விடுதியில் யாரோ ஒளித்து வைத்திருந்த போனின் சத்தம் அங்கே பாடம் சொல்லித்தரும் ஆபாவின் காதில் விழுந்துவிட்டது. யாருடையது என்று தெரியும்வரை ஒருத்தியும் வீட்டோடு பேசக்கூடாது என்றார் ஆபா. அது தோழி நௌஷீனுடையது என்று ஜஹீதாவுக்குத் தெரியும். ஆனால் ஜஹீதாவைப் பெற்ற அம்மி வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், கடைசியில் போய்ச் சொல்லிவிட்டாள்.

நௌஷீன் பட்டம் வாங்க ஒரு வருஷம்தான் இருந்தது. போன் விஷயம் தெரிந்ததும் அவள் அப்பா, படித்தது போதும், இனி நிக்காஹ்தான் என்று அவளை அழைத்துப்போகக் கிளம்பிவிட்டார்.

அவள் போவதற்குள் மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை வேண்டும் ஜஹீதாவுக்கு. தோழிக்குச் செய்த தீங்கைத் தோழிதான் மன்னிக்க வேண்டும். அதுவரை அல்லாஹ்விடம் அழுதும் பயனில்லை என்று அவர்கள் பாடத்திலேயே இருந்தது.

காலையில் எதிரே போய்ச் சலாம் சொன்னாள்.

“வஅலைக்கும் அஸ்ஸலாம்,” என்றாள் நௌஷீன். முழுதாக, தெளிவாக. ஜஹீதா நீட்டிய இரண்டு கைகளையும் அவள் பார்க்கவில்லை. சலாமுக்குப் பதில் சொல்வது கடமை. கை கொடுப்பது கடமையில்லை.

மதியம் இவர்கள் இருவரும் இன்னொரு தோழி ருகையாவும் வழக்கம்போல ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மற்ற நாளில் அந்தத் தட்டில் கறிக்கு விரல்கள் முட்டிக்கொள்ளும். அன்று நௌஷீன் கறியைப் பிய்த்துப் பங்கு வைத்தாள். நல்ல துண்டாகப் பார்த்து ஜஹீதாவின் பக்கம் நகர்த்தினாள், விருந்தாளிக்கு வைப்பதுபோல.

“கம்மியா இருந்தா ஆபாகிட்ட சொல்லு,” என்றாள் ருகையா. “உனக்குதான் சொல்ல வருமே.”

“மாஃப் பண்ணிடுடி நௌஷீன். அம்மிக்கு இன்னா ஆச்சோன்னு பயந்துட்டேன்.”

“உங்க அம்மிக்கு துஆ செய்றேன்.” சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தே சாப்பிட்டாள்.

வாசலில் பைக் வந்து நின்றதும் ஜஹீதா ஓடினாள். நௌஷீனின் செருப்பைத் தேடி எடுத்து, கால் நுழைக்கத் தோதாக வெளியே பார்த்துத் திருப்பி வைத்தாள். ஆபாமாருக்குச் செய்யும் மரியாதை அது. தோழிக்கு யாரும் செய்வதில்லை. ஜஹீதாவுக்குச் செய்ய வேறு எதுவும் மிச்சமில்லை.

நௌஷீன் பையோடு வந்தாள். செருப்பைப் பார்த்து நின்றாள். பிறகு குனிந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு கேட்டைத் தாண்டினாள்.

“காலு சுடலியாம்மா?” என்றார் அவள் அப்பா.

நௌஷீனுக்குப் பேரணாம்பட்டில் நிக்காஹ் நடந்தது. ருகையா பட்டம் வாங்கி அதே மதரஸாவில் ஆபாவாக இருக்கிறாள். ஜஹீதாவின் அம்மி பிழைத்துக்கொண்டாள். ஜஹீதா படிப்பை விட்டுவிட்டு ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறாள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நௌஷீனைப் பார்த்துச் சலாம் சொன்னாள். பதில் வந்தது.